மூச்சை அடக்காதே!



நிலாக்காலத்தில் மட்டக்களப்பு வாவியில் வள்ளமேறி, கல்லடிப் பாலத்தடியில் நின்று, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதோடு வைத்து மீன் பாடுவதைக் கேட்டவர்கள் உங்களுள் சிலர் இருப்பீர்கள். கேளாதவர்கள் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இயேசு சபைக் குருவாகிய லாங் அடிகளாரின் முயற்சியால் 1960களில் அந்த ஓசை வானொலியிலும் ஒலித்தது. தண்ணீருக்கு அடியிலுள்ள உலகத்தை நம்மவர் வெகுகாலம் இப்படித்தான் அறிந்து வந்தார்கள். மேலே வள்ளத்தில் இருந்தபடி, காதைக் கொடுத்து, ஊகித்து அறிந்தார்கள்.

இன்று அவ்வுலகத்துள் இறங்கிக் கண்ணாற் காணவும் வழியுண்டு. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையில், வாடைக் காற்று எழுமுன், கிழக்குக் கரையில் கடல் அமைதியாயிருக்கும் மாதங்களில் சுழியோடக் கற்பிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த தகப்பன் ஒருவர் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் என்னை மறித்தார். "மாஸ்டர், மகன் கடலுக்கடியில் போய்ப் பார்க்கப் போகிறானாம். பிழைப்புக்கென்றால் சரி. வெறும் விளையாட்டுக்கு உயிரைப் பணயம் வைக்கலாமா? அது பாவமில்லையா?" என்று கேட்டார்.

அவருடைய கேள்வியை அற்பமென்று தள்ள முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்து நாவலடியிலும் டச்பாரிலும் செய்ததை அறிந்த எவரும் தள்ளமாட்டார். உயிர் நாம் உழைத்துச் சம்பாதித்த சொத்தன்று, ஒப்படைக்கப்பட்ட பொருள். அதைக் கொண்டு சூதாட நமக்கு உரிமையில்லை. ஆயினும் வீட்டிலிருந்தபடியே விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஐம்பது வயதைத் தாண்டிய நானும் ஒரு காலை பாசிக்குடாவில் இறங்கிப் பார்த்தேன்.

முதலில் கரையில் வைத்துப் பாடம் சொன்னார்கள். முதுகிற் கட்டும் சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் என்று எண்ணியிருந்தேன். இல்லையாம், நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றையே அழுத்தி அடைத்திருக்கிறார்கள். சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஏற்ப அந்தக் காற்றை வாய்க்கு அளந்து கொடுக்கும் கருவியை, 1943இல் பிரான்சு நாட்டில் கூஸ்ரோ என்னும் கடற்படை அதிகாரியும் கன்யான் என்னும் பொறியியலாளரும் உருவாக்கினார்கள். காது வலிக்குமுன்னரே மூக்கைப் பொத்தி மெல்ல ஊத வேண்டும். தனியே இறங்கக்கூடாது. பெருவிரலை உயர்த்திக் காட்டினால் "நன்று" என்று பொருளன்று, "மேலே போவோம்" என்று பொருள். இவை யாவற்றிலும் முதன்மையான விதி ஒன்று உண்டு. ஒருபோதும் மூச்சை அடக்காதே!

எனக்கு வியப்பாயிருந்தது. தண்ணீரில் தலை அமிழ்ந்தால் மூச்சை அடக்கு என்றல்லவா நம் பெற்றார் பழக்கினார்கள்? காரணத்தைக் கேட்டேன். பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் கரையிலுள்ளதைப்போல் இருமடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இருமடங்காக விரியும். வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியும். மேலிருந்து மூச்செடுத்துக்கொண்டு முழுகுபவனுக்கு இந்த ஆபத்து இல்லை. அவன் கொண்டுபோன காற்று கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புகிறது. ஆகவே தந்தையைக் காப்பாற்றிய அதே பழக்கம் மகனைக் கொன்றுவிடக் கூடும். பழைய துணிவு மட்டும் புதிய நிலைமைக்குப் போதாது, அதற்குரிய அறிவும் வேண்டும் என்பதை அன்று நெஞ்சாலேயே படித்தேன்.

இடுப்பளவு நீரில் முகத்தைத் தாழ்த்தியதும் என் மார்பு தானாகப் பூட்டிக்கொண்டது. மூளை "சுவாசி" என்றது, உடம்பு மறுத்தது. இரண்டு தடவை தலையைத் தூக்கிவிட்டேன். கற்பித்த இளைஞன் (என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான்) சிரிக்கவில்லை. "அவசரமில்லை ஐயா. வேண்டாமென்றால் திரும்பலாம்" என்றான். திரும்பலாம் என்ற அந்தச் சொல்தான் என்னை உள்ளே போகச் செய்தது. மூன்றாம் தடவை மூச்சு வந்தது. பிறகு நாலைந்து மீற்றர் ஆழத்தில், முருகைக்கற்களின் நடுவே, அவன் கையைப் பற்றியபடி சிறு மீன்கள் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மூச்சின் ஒலியைத் தவிர வேறோசை இல்லை. படைத்தவரைப் புகழ எனக்கு அப்போது வாயில்லை, மனம் இருந்தது.

இனி அந்தத் தகப்பனின் கேள்விக்கு வருவோம். ஆபத்துள்ளதெல்லாம் பாவமென்றால் கரைவலைக்காரனும், பனையேறுபவனும், பிள்ளை பெறும் தாயும் குற்றவாளிகளாவர். பிழைப்புக்காகவென்றால் எதுவும் தகும் என்பதும் சரியன்று. நான் கண்ட அளவில் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஆபத்து இன்னதென்று இறங்குபவனுக்குத் தெரியுமா? அதற்கோர் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறதா? வேண்டாமென்று திரும்பி வர அவனுக்கு உரிமை உண்டா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் அது துணிவு. வராவிட்டால் வெறும் துணிச்சல்.

அந்தப் பையனிடமே இவற்றைக் கேட்டுப் பார்த்தேன். அவனுடைய ஆசை பாசிக்குடாவோடு நிற்கவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்க வேண்டுமாம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, ஒரு விமானமும் இல்லாமல் திருகோணமலையை விட்டு வெளியேறியிருந்த அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் குண்டுவீசி மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். அது ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. முதன்முறை இறங்குபவனுக்கு விதித்த எல்லை பன்னிரண்டு மீற்றர். முதற் சான்றிதழ் பெற்றவனுக்குப் பதினெட்டு. "எனக்கு நன்றாக நீந்தத் தெரியும் மாஸ்டர்" என்றான். நீந்தத் தெரிந்தவர்கள் அந்தக் கப்பலிலும் இருந்தார்கள், தம்பி. பாசிக்குடாவுக்குப் போ, ஆண்டுக்கணக்காகப் பயின்று தகுதி பெறுமுன் அங்கே போகாதே. என்றாவது போனால் கல்லறைக்குப் போகிறவனாகப் போ. ஓர் ஆணியைக்கூட எடுத்து வராதே என்றேன்.

இத்துடன் கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் அதே மூன்று கேள்விகளை வேறொரு மனிதனைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது.

மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்தை எண்ணிப் பாருங்கள். சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் கல்லைக் காலில் மாட்டி ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கி முழுகியவர்களுள் நம் கத்தோலிக்கப் பரதவரும் பலர். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் மைத்துனனாயிருப்பான் என்று சொல்வார்கள். தன் தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான் அல்லவா? சிப்பியில் பெரும்பங்கு அரசாங்கத்துக்குப் போயிற்று. குளித்தவனுக்குக் கிடைத்தது சிறுபங்கும், சுறா கடியாதபடி மந்திரிக்கும் 'கடல்கட்டி'யும். அந்தப் பரம்பரைத் தொழிலின் அக்காலத் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று எமர்சன் தெனன்ற் 1861இல் எழுதி வைத்தார். நாம் சிரிக்கலாம். ஆனால் வேறு பாதுகாப்பு எதுவும் தரப்படாதவன் மந்திரத்தைத்தானே பற்றுவான்?

இன்று நம் கரைகளில் கடலட்டைக்கும் சங்குக்கும் முழுகுபவனின் முதுகிலும் நான் சுமந்த அதே சிலிண்டர்தான் இருக்கிறது. அதிக நேரம், அதிக ஆழத்தில் இருந்தால் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததும் பொங்குவதுபோல் அது குமிழிகளாகிறது. மூட்டுகள் நோகும், சில வேளை கால்கள் விளங்காமற் போகும், உயிரும் போகும். ஹோல்டேன் என்னும் அறிஞர் ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்து, எவ்வாறு படிப்படியாக மேலேற வேண்டும் என்ற அட்டவணையை 1908இலேயே வெளியிட்டுவிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகம் அறிந்த பாடம் இது. விளையாட்டுக்கு இறங்கிய எனக்கு அதை அரைமணி நேரம் விளக்கினார்கள். பிழைப்புக்கு இறங்கி, ஒரே நாளில் பல சிலிண்டர்களை வெறுமையாக்கும் தொழிலாளிகள் பலருக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவர்களுள் கை கால் விளங்காமற் படுக்கையிற் கிடப்பவர்களும் உண்டு.

மூன்றாம் கேள்வியே மிகக் கடுமையானது. நான் பெருவிரலை உயர்த்தினால் போதும், ஏன் என்று கேளாமல் என்னை மேலே கொண்டுவருவார்கள். முதலாளியிடம் முற்பணம் வாங்கியவன், அடுத்த வேளை அரிசிக்கு இந்த அட்டையையே நம்பியிருப்பவன், பெருவிரலை யாருக்கு உயர்த்துவான்? "அவன் விரும்பித்தானே போகிறான்" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். திரும்பி வர வழியில்லாதவனின் சம்மதத்தை விருப்பம் என்று சொல்லக்கூடாது. அவனை அனுப்பியவரும், அவன் கொண்டுவந்ததை விலைபேசியவரும் அந்த ஆபத்தில் பங்காளிகளே. பாவமில்லையா என்ற கேள்வியை இங்கேதான் கேட்க வேண்டும்.

வாசகரே, அந்தத் தகப்பனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "பிள்ளையை விடுங்கள். முறையாகக் கற்பிப்பவரிடம் விடுங்கள். அவன் கற்று வந்ததை உங்கள் பக்கத்து வீட்டில் சங்கு குளிக்கப் போகும் பையனுக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்." அவர் சற்று யோசித்து, "அவன் கேட்பானோ?" என்றார். கேட்கலாம், கேளாமலும் விடலாம். உங்கள் குடும்பத்திலோ அயலிலோ கடலில் முழுகிப் பிழைப்பவர் ஒருவர் இருந்தால் இன்றிரவே அவரிடம் இந்த மூன்றையாவது சொல்லுங்கள்: மூச்சை அடக்காதே, விரைந்து மேலே வராதே, தனியே இறங்காதே. முழுகி வந்தபின் மூட்டு நோகிறது, கை கால் மரக்கிறது என்று அவர் சொன்னால், எண்ணெய் பூசிப் படுக்க விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். முழுகியதை வைத்தியரிடம் மறைக்காமற் சொல்லுங்கள். ஆட்களை அனுப்பும் முதலாளி இதை வாசித்தால், பயிற்சி இல்லாதவனைக் கடலுக்கு அனுப்பவேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.