மூன்றாம் வரிசை உன்னிடம் இருக்கிறது!

இளைஞனே! 'ரோம்: டோட்டல் வார்' ஆடியிருக்கிறாயா? 2004-இல் வெளிவந்த அந்தக் கணினி விளையாட்டில் புதிதாக இறங்குகிறவன் என்ன செய்கிறான்? கையிலிருக்கும் படை மொத்தத்தையும் எடுத்த எடுப்பிலேயே எதிரி மீது ஏவிவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் முன்னால் மோதிய பிரிவு மனம் உடைகிறது. அதன் தலைக்கு மேல் வெள்ளைக்கொடி ஏறுகிறது. அதைக் கண்டு பக்கத்துப் பிரிவும் கலங்கி ஓடுகிறது. "நமக்கு இதெல்லாம் வராது" என்று எழுந்து போய்விடுகிறான்.

யார் சொன்னது வராது என்று? படையை நிறுத்தக் கற்றுக்கொள், வரும்!

ரோமர்கள் எப்படி நிறுத்தினார்கள் என்று பார். எல்லோருக்கும் முன்னே வெலைட்ஸ். சிறு ஈட்டிகளை வீசிவிட்டுப் பின்வாங்கும் இளைஞர்கள். அடுத்து ஹஸ்டாட்டி, பைலம் என்னும் கனத்த ஈட்டியை எறிந்து, வாளை உருவி மோதும் முதல் வரிசை. அவர்களுக்குப் பின்னால் பிரின்சிபெஸ். வலிமையும் அனுபவமும் கூடியவர்கள். கடைசியில், மூன்றாம் வரிசையாக, டிரையாரி, பல போர் கண்ட மூத்தவர்கள். இடது காலை முன்னே நீட்டி, கேடயத்தைத் தோளில் சாய்த்து, ஈட்டியை மண்ணில் ஊன்றி அவர்கள் காத்திருந்தார்கள் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் லிவி. முன்னே அத்தனை ஆரவாரம் நடக்க, அசையாமல் காத்திருப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

படைப்பிரிவுகளுக்கு இடையே வழி விட்டிருந்தார்கள். முதல் வரிசை களைத்தால் அந்த வழியே பின்வாங்கும். அடுத்த வரிசை முன்னேறும். பின்வாங்குவதும் அவர்களுக்குப் போரின் ஒரு பகுதிதான்.

அந்த ரோமர்களும் தோற்றதுண்டு. கி.மு. 216-இல் கன்னே என்ற களத்தில் ரோமப் படையைச் சுற்றி வளைத்து நொறுக்கினான் எதிரித் தளபதி ஹன்னிபால். தப்பிப் பிழைத்தவர்களைத் தோற்றோடிகள் என்று முத்திரை குத்திச் சிசிலிக்கு ஒதுக்கியது ரோம். அந்தக் களத்தில் உயிர் தப்பியவர்களில் ஸ்கிப்பியோ என்ற இளைஞனும் ஒருவன். அவன் தளபதியானதும், ஒதுக்கப்பட்ட அதே படையணிகளைத்தான் ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிச் சென்றான்! கி.மு. 202, ஜாமா போர்க்களம். ஹன்னிபாலின் யானைகள் பாய்ந்து வந்தன. வரிசைகளுக்கு நடுவே நேர்ச்சந்துகள் விட்டு, வந்த யானைகளை அப்படியே கடந்து போக வைத்தான். பிரின்சிபெஸையும் டிரையாரியையும் இரு பக்கமும் விரித்துக் கடைசி மோதலுக்கு நின்றான். அவன் பக்கம் நின்ற மசினிசாவின் குதிரைப்படையும் லேலியஸின் குதிரைப்படையும் திரும்பி வந்து எதிரியின் முதுகில் இடித்தன. ஹன்னிபால் தோற்றான். கன்னேயில் தோற்றவர்கள் ஜாமாவில் வென்றார்கள்!

இப்போது சொல். ஒரு தேர்வில் தோற்றதற்கா, ஒரு நேர்காணலில் நிராகரிக்கப்பட்டதற்கா நீ வெள்ளைக்கொடி ஏற்றுகிறாய்? பின்வாங்கியது உன் முதல் வரிசை மட்டுமே! உன் உழைப்பு, உன் அனுபவம், உன் பொறுமை எல்லாம் இன்னும் களத்தில் இறங்கவே இல்லை.

ஆகவே, இருப்பதையெல்லாம் முதல் நாளிலேயே கொட்டித் தீர்க்காதே. கொஞ்சம் பணத்தை, கொஞ்சம் தெம்பை, இன்னொரு தொழில்திறனைப் பின்வரிசையில் நிறுத்தி வை. நேருக்கு நேர் முட்டி வழி திறக்கவில்லையா? பக்கவாட்டில் சுற்றி வா. தடுக்க முடியாத யானைக்கு வழி விடு. அது போன பிறகு முன்னேறு. உன்னைத் தோற்றோடி என்று ஒதுக்குகிறவர்களுக்கு வாயால் பதில் சொல்லாதே.

அணிவகுத்து நில். அடுத்த வரிசைக்கு ஆணையிடு. களம் உன்னுடையது!