மருந்து யார்பொருட்டு?

நோயற்ற உயிர்க்கு மருந்தூட்டுதல் அன்பாகுமா என்பது ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா. பந்தயப் புறா வளர்ப்பில் இதனை ஆராய்தல் எளிது. ஆங்கு வளர்ப்போனது அன்பும் அவாவும் ஒரு கையினின்றே மருந்தை வார்க்கின்றன.

இவ்விளையாட்டு 19ஆம் நூற்றாண்டிலே பெல்ஜியத்திற் தழைத்தது. பார்சிலோனாவில் விடப்படும் புறா ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் பறந்து அந்நாட்டிலுள்ள தன் கூட்டை அடைவதுண்டு. புறாக்களின் வாயிலும் தொண்டைப்பையிலும் டிரைக்கோமோனாஸ் என்னும் நுண்ணுயிர் குடியிருத்தல் வழக்கம். தாயுந் தந்தையும் தொண்டைப்பையிற் சுரக்கும் பாலைக் குஞ்சுக்கு ஊட்டும்போதே அதுவும் உடன்செல்லும். சிறிதளவாக அதனை ஏற்ற உடல் எதிர்க்கும் வலிமையைத் தானே பெறும். ஆதலின் பெரும்பாலான புறாக்கள் அதனைத் தாங்கியும் நோயின்றி வாழ்கின்றன.

இஃதறிந்தும் தோல்விக்கு அஞ்சுவார் சிலர், சோதனையின்றியே றொனிடசோல் முதலிய மருந்துகளைக் குடிநீரிற் கலந்து வைக்கின்றனர். எல்லாப் புறாவும் ஒரேயளவு நீர் குடிப்பதில்லை. குறையக் குடித்ததன் உடலில் மெலிந்த கிருமி மடிய, மருந்தைத் தாங்கவல்லது எஞ்சிப் பெருகும். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் கண்டறியப்பட்டுள்ளன. பென்சிலினைக் கண்டறிந்த பிளெமிங், 1945ஆம் ஆண்டு தமது நோபெல் உரையில் இவ்வபாயத்தையே எச்சரித்தார். பலருடைய புறாக்கள் ஒரே கூடையிற் பந்தயத்துக்குச் செல்லுதலின், ஒருவன் வளர்த்த கிருமி அயலான் கூட்டையும் அடையும்.

வருமுன் காத்தல் அறிவன்றோ எனின், அறிவே. தூய நீர், உலர்ந்த கூடு, நெருக்கமின்மை, ஓய்வு என்பன காப்பு. வைத்தியர் தொண்டைச் சளியைச் சோதித்து நோய் கண்டபின், உரிய அளவில் உரிய நாள்வரை கொடுப்பதே மருந்து. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதலாற் கேடு விளைகின்றது.

அவா இவ்வளவில் நில்லாது. கோட்டிசோன் இறகுதிர்வைத் தாமதப்படுத்திச் சிறகை நிறைவாய் வைக்கும். நோயெதிர்க்கும் ஆற்றலையோ குறைக்கும். 2013ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்க ஆய்வுகூடமொன்றிற் சோதித்த பெல்ஜியப் புறாக்களுள் ஆறிடத்துத் தகாத பொருள்கள் காணப்பட்டன. ஐந்தில் வலிநீக்கி, ஒன்றிற் கொக்கேயின். வலி உடல் தனக்குத்தானே கூறும் எச்சரிக்கை. அதனை அடக்கிப் பறக்கவிடுதல், வாயில்லா உயிரின் ஒரே முறையீட்டையும் கேளாதொழிதலாகும்.

ஆசிரிய அன்பர்களே, மாணாக்கர்முன் வைக்கத்தக்க உரைகல் ஒன்றுண்டு. பரிசு இல்லையாயினும் இம்மருந்தை இப்புறாவுக்குக் கொடுப்பேமா? ஆம் எனின் அஃது அருள். அன்று எனின், மருந்துண்டது புறாவாயினும் நோய் நம்முடையதே.