11 வரி தானம்

சாஃப்ட்வேர்க்காரர்கள் வீட்டில் ராத்திரி சாப்பாடு ஆறிப்போனால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ‘பில்ட் புட்டுக்கிச்சு.’ பில்ட் என்பது, தான் எழுதிய புரோகிராமையும் ஊரெல்லாம் இரவல் வாங்கிய புரோகிராம்களையும் சேர்த்து ஓடும்படி செய்வது. நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால், ‘கடைசியா எதை மாத்தினேன்?’ என்று தன்னைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நல்ல பழக்கம்.

2016 மார்ச் 22 அன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் இப்படித் தங்களைச் சந்தேகப்பட்டார்கள். யாரும் எதையும் மாற்றியிருக்கவில்லை. பிழைச் செய்தியில் ‘லெஃப்ட்-பேட்’ என்றொரு பெயர். பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அவர்கள் இரவல் வாங்கிய புரோகிராம் வேறொன்றிடம் வாங்கி, அது இதனிடம் வாங்கியிருந்தது.

அஸெர் கோச்சுலு என்பவர் எழுதிய 11 வரிகள். ஓர் எழுத்துத் தொடரின் இடப்பக்கம் வெற்றிடமோ சைபரோ சேர்த்து நீளத்தைச் சரிசெய்யும், அவ்வளவே. அவருடைய இன்னொரு புரோகிராமின் பெயர் ‘கிக்’. அதே பெயருள்ள கம்பெனி அந்தப் பெயரைக் கேட்டது. மறுத்தார். இலவச புரோகிராம்களைச் சேமித்து வழங்கும் என்பிஎம் நிறுவனம் பெயரைக் கம்பெனிக்குக் கொடுத்தது. அவர் தன்னுடைய 270-க்கும் மேற்பட்ட புரோகிராம்களை அங்கிருந்து எடுத்துவிட்டார். அதில் ஒன்று லெஃப்ட்-பேட். சில மணி நேரத்தில் என்பிஎம் அதைத் திரும்ப வைத்தது.

கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாமா?

தெருவில் ஒருவர் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார். ஒருநாள் மனசு கசந்து பானையைத் தூக்கிக்கொண்டு போகிறார். அவர் பானை, எடுக்கலாம். ஆனால் அதை நம்பி வெறுங்கையோடு கிளம்பியவனின் தாகமும் நிஜம். ‘நாளையிலிருந்து பந்தல் இருக்காது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த அளவுக்குத்தான் அவருடைய கடமை என்று நினைக்கிறேன்.

குடித்தவர்கள் கடமை பெரிசு. இத்தனை நாள் யார் தண்ணீர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பானை காணாமல் போன அன்றைக்குத்தான் பெயரே தெரிந்தது, அதுவும் திட்டுவதற்காக!

பிறகு என்பிஎம் விதியை மாற்றியது. மற்றவர்கள் நம்பியிருக்கும் புரோகிராமை இப்போது இஷ்டத்துக்கு எடுத்துவிட முடியாது. சரிதான், பானை பத்திரம். பானை வைத்தவரைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. அதை நீங்களும் நானும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் புரோகிராம் யார் யாரை நம்பி ஓடுகிறது என்ற பட்டியல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. பில்ட் நன்றாக ஓடும் ஒரு நாளில் அதை ஒரு தடவை படித்துப் பாருங்களேன்.