நத்தையின் ஓடும் மனிதனின் நீதியும்

"வலியது எளியதை விழுங்குதல் இயற்கையின் விதி, அதை மாற்ற முயல்வது வீண்" என்னும் பேச்சு நம்மிடையே இன்றும் வழங்குகிறது. சாதி உயர்வு பாராட்டுவோர் இதனை ஒரு விதமாகவும், செல்வச் செருக்குடையோர் வேறொரு விதமாகவும் கூறுவர். இவர்களினும் நயமாகப் பேசுவோர், "துன்பமே மனிதனை உரமாக்குகிறது, ஆதலால் உழைப்பாளிக்கு வரும் துன்பமும் அவன் நன்மைக்கே" என்பர். இயற்கையைச் சாட்சிக்கு அழைக்கும் இக்கூற்றுக்கள் மெய்தானா என்பதை இயற்கையைக் கொண்டே ஆராய்வோம். அதற்கு நன்னீர் நத்தை என்னும் சிறு பிராணியின் வரலாறே போதும்.

ஆப்பிரிக்காக் கண்டத்தில் தான்சானியா, காங்கோ, புருண்டி, ஸாம்பியா ஆகிய நான்கு நாடுகளுக்கிடையே தாங்கனீக்கா என்னும் ஏரி உள்ளது. நிலம் பிளந்து தாழ்ந்த பள்ளத்தில் உண்டான இவ்வேரி ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீளமும், மிக ஆழமான இடத்தில் ஏறத்தாழ 1,470 மீட்டர் ஆழமும் உடையது. இதன் வயது 90 லட்சம் முதல் 120 லட்சம் ஆண்டுகள் வரை இருக்கலாமென்று மதிப்பிடுகின்றனர். சாதாரண ஏரிகள் சில பல ஆயிரம் ஆண்டுகளில் மண் நிறைந்து தூர்ந்துபோகும். இதுவோ, பகைமை கொண்ட உயிர்கள் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று எதிர்த்து மாறுதற்கு வேண்டிய நெடுங்காலம் நிலைத்து நின்றது.

1858-ஆம் ஆண்டில் இவ்வேரியை அடைந்த ஸ்பீக் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து நத்தை ஓடுகள் சிலவற்றைக் கொண்டு சென்றார். குளத்து நத்தையின் ஓடு பெரும்பாலும் மெல்லியது. இவ்வேரியின் நத்தைகள் பலவற்றின் ஓடுகளோ தடித்து, வரிவரியாக மேடிட்டு, வாய் விளிம்பு பருத்து, கடற்கரையில் கிடைக்கும் சங்கினங்களை ஒத்திருந்தன. ஆகவே இவ்வேரி முற்காலத்தில் கடலோடு இணைந்திருந்ததென்றும், இந்நத்தைகள் அக்கடலுயிர்களின் வழித்தோன்றல்களே என்றும் மூர் என்னும் அறிஞர் வாதித்து, 1903-இல் ஒரு நூலும் வெளியிட்டார். பிற்கால ஆராய்ச்சியில் அக்கொள்கை நிலைபெறவில்லை.

அங்ஙனமாயின், அவ்வோடுகளைத் தடிக்கச் செய்தது எது? அவ்வேரியின் நண்டு என்க. வெஸ்ட், கோஹன், பாரன் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் 1991-இல் வெளியிட்ட கட்டுரையில், இவ்வேரியின் நத்தை ஓடுகள் பிற நன்னீர் நத்தைகளின் ஓடுகளைவிட மிக்க வலிமையுடையன என்றும், அவற்றைத் தின்னும் நண்டின் கொடுக்குகளும் பிற நன்னீர் நண்டுகளுடையவற்றைவிடப் பெரியன என்றும் காட்டினர். மெல்லோட்டு நத்தைகள் இனம் பெருக்குமுன் நொறுக்கப்பட்டன. தடித்த ஓடுடையவை எஞ்சிப் பெருகின. ஓடு தடிக்கத் தடிக்க, வலிய கொடுக்குடைய நண்டே வயிறு நிரம்பி வாழ்ந்தது. நமக்கு அணித்தேயுள்ள சுலாவேசித் தீவின் பழைய ஏரிகளிலும் இத்தகைய போட்டி நடந்துள்ளதை 2004-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி எடுத்துக் காட்டிற்று.

"பார்த்தீரா! நண்டின் கொடுமையன்றோ நத்தையை வலிமையாக்கிற்று!" என்று மேற்கூறியோர் கைகொட்டக் கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்பார்களாக.

நண்டு கடித்தும் உயிர் தப்பிய நத்தை, உடைந்த விளிம்பை மீண்டும் கட்டிக்கொள்கிறது. அத்தழும்பு ஓட்டில் அழியாது நிற்கும். ஆராய்ச்சியாளர் அத்தழும்புகளை எண்ணியே நண்டின் தாக்குதலை அறிகின்றனர். ஆனால், தழும்பு தப்பியவற்றிற்கே உண்டு. தின்னப்பட்ட நத்தைக்குத் தழும்பு ஏது? அது துண்டுதுண்டாகி மணலோடு மணலாயிற்று. துன்பம் உரமாக்கிற்று என்போர் எஞ்சியவனை மட்டும் எண்ணுகிறார்கள். மாண்டவனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நத்தையினம் தடித்த ஓடு பெற்றது மெய்யே; நொறுக்கப்பட்ட நத்தை என்ன பெற்றது? மேலும், ஓடு கட்டுதற்கும் செலவு உண்டு. அதற்குச் செலவான சத்து உடல் வளர்ச்சிக்கோ இனப்பெருக்கத்திற்கோ உதவுவதில்லை. அச்சத்திற்குச் செலுத்தும் வரியே தடித்த ஓடு.

இனி மனிதனுக்கு வருவோம். அன்றைய மலாயாவில் காடழித்து ரப்பர் நட்ட காலத்தில் தோட்டத் தொழிலாளர் பலர் மலேரியாக் காய்ச்சலுக்கு இரையாயினர். எஞ்சியோரின் உடலுறுதியைக் கண்டு, "காய்ச்சல் இவர்களை உரமாக்கிற்று" என்று சொல்லியிருப்பின் அது அறமாகுமா? 1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்து, கொசு பெருகும் இடத்தை ஒழிக்கும் வேலையை மேற்கொண்டார், சாவு குறைந்தது. தாங்குபவன் தாங்கட்டும் என்றிருப்பது ஏரியின் வழி; தாங்க வேண்டிய கேட்டையே நீக்குவது மனிதனின் வழி.

கேடு மனிதரிடமிருந்தே வரும்போது இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். நண்டுக்குக் கொடுக்கை மடக்கும் அறிவில்லை. நத்தையைத் தின்னாவிடில் அது பட்டினி கிடக்கும். அதன்மீது குற்றமும் இல்லை. மனிதனோ, தான் செய்வது கொடுமையென்று அறிய வல்லவன். அறிந்து நிறுத்தவும் வல்லவன். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் பிடிக்கும் முறை 1910-இல் நிறுத்தப்பட்டதே, அது தொழிலாளியின் தோல் தடித்ததனாலா? அன்று, அம்முறை கொடியதென்று மனிதர் எடுத்துரைத்ததனாலேயாம்.

ஆகவே, நத்தையின் ஓடு அதனைத் தாக்கிய பகைக்குச் சாட்சி. அப்பகைக்கு நியாயம் அன்று. இயற்கை நிகழ்ந்ததைக் காட்டும். நாம் செய்யத்தக்கது இன்னதென்று அது கட்டளையிடுவதில்லை. அதனை ஆராய்ந்து தெளிவது நம் பகுத்தறிவின் கடமை. துன்பத்தைத் தாங்கியவனைப் போற்றுவோம். ஆனால், அவன் தாங்கினான் என்பதையே காரணமாகக் காட்டி அவன் மக்களும் அதனைத் தாங்கட்டுமென்று கூறுவோரை நம்பாதிருப்போம். நம் பிள்ளைகளுக்கு நாம் தேட வேண்டியது தடித்த ஓடன்று; ஓடு வேண்டாத வாழ்வே.