பொருள் அறியாமல் காத்த வரைபடம்

உலகப் பேரழிவுக்குப் பிந்தைய காலத்தைப் புனையும் கதைகளில் பிழைத்திருப்பதும் நம்பிக்கை கொள்வதும் ஒன்றெனவே பெரும்பாலும் எண்ணப்படுகின்றன. ஆனால் 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவைனாஸ், தமிழ்க் கத்தோலிக்கர் ‘எதிர்நோக்கு’ எனக் குறிக்கும் பண்பை, அரிதாயினும் அடையக்கூடிய வருங்கால நன்மையை நாடுவது என்று விளக்கி, வெறும் விருப்பத்திலிருந்து பிரித்தார். இவ்வேறுபாட்டை வால்டர் மில்லரின் ‘எ கான்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்’ நாவல் அளவுக்குக் கூர்மையாகக் காட்டும் படைப்புகள் சிலவே. 1944இல் இத்தாலியின் மான்டே கசினோ மடத்தின் மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் விமானப்படை வீரராகப் பங்கேற்ற மில்லர், அணுப்போருக்குப் பின் அமெரிக்கப் பாலைவனத்தில் எஞ்சிய ஏடுகளைக் காக்கும் துறவிகளைப் படைத்தார்; மடத்தை அழித்த கை மடத்தைப் பற்றியே எழுதியது தற்செயல் எனத் தோன்றவில்லை. அத்துறவிகளுள் ஒருவரான பிரான்சிஸ், ஒரு மின்சுற்று வரைபடத்தை, அது எக்கருவிக்குரியது என்று அறியாமலே, ஆட்டுத்தோலில் பொன் தீட்டி 15 ஆண்டுகள் படியெடுக்கிறார். வழிப்பறிக் கள்வனோ பொன் மின்னும் படியைப் பறித்துக்கொண்டு, மங்கிய மூலத்தை விட்டுச்செல்கிறான். பயன்பெறப்போவது எத்தலைமுறை என்று தெரியாமல் ஆற்றப்படும் இவ்வுழைப்பை எதிர்நோக்கின் மிகத் தூய வடிவம் எனலாம். எனினும் மில்லர் வாசகருக்கு எளிய ஆறுதல் தரவில்லை. மீண்டெழுந்த நாகரிகம் மறுபடியும் அணுகுண்டு வீசுகிறது, துறவிகள் சிலர் அதே ஏடுகளுடன் விண்கலம் ஏறுகின்றனர்.