காணாதது இல்லாததாகுமா?

கண்கள் திறந்திருக்கின்றன, அழைத்தால் அசைவில்லை. இத்தகைய நோயாளியிடம் உணர்வு உண்டா? மீள்வாரா? இன்று மூளையைப் படமெடுத்து விடை தேடுகிறார்கள்.

2006-ம் ஆண்டு, விபத்தில் அடிபட்டு இந்நிலையில் கிடந்த 23 வயதுப் பெண் ஒருவரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழுவினர் ஆராய்ந்தனர். ‘டென்னிஸ் ஆடுவதாக நினையுங்கள்’ என்றதும், நலமுள்ளவர்களுக்கு இயங்கும் அதே மூளைப் பகுதி அவருக்கும் இயங்கிற்று!

2024-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில், சொன்னதற்கு அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை அச்சொல்லை ஏற்றுச் செயல்பட்டது தெரிந்தது. ஆனால், கண்கூடாகச் சொன்னபடி செய்த 112 பேரில் 69 பேரிடம் கருவிகள் எதையும் காணவில்லை!

ஆகவே கருவி ‘ஆம்’ எனில் அது சான்று. ‘இல்லை’ எனில் அது தீர்ப்பாகாது.

இங்கே நாம் அஞ்ச வேண்டியது ஒன்றுண்டு. ‘இவர் தேறமாட்டார்’ எனக் கணித்துச் சுவாசக் கருவியை அகற்றுகிறோம், அவர் இறக்கிறார். கணிப்பு பலித்ததென்கிறோம். பலித்தது கணிப்பா, நம் கையின் செயலா?

மருத்துவத்திற்கு எல்லையுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அவ்வெல்லையை ஒரு படம் மட்டுமே வகுக்கலாகாது என்கிறோம். மறைவானவற்றை முற்றும் அறிந்தவன் இறைவன் ஒருவனே. நமக்குள்ள கடமையோ தெளிவானது: அப்படுக்கையருகே நிற்கையில், அவர் கேட்கிறார் என்றே எண்ணிப் பேசுவோமாக!