கழிவுத் துண்டு யாருக்குச் சொந்தம்?

எங்க ஊருக்கு ஒரு பெருமை உண்டு. திருவிரிஞ்சை மதிலழகு என்பார்கள். வேலூரிலிருந்து பெங்களூர் ரோட்டில் மேற்கே வந்தால் பாலாற்றின் தென்கரையில் விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதில் நிஜமாகவே அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வெளியே நின்று பார்க்கிறவனுக்கும் உள்ளே நின்று பார்க்கிறவனுக்கும் அது ஒரே அழகா? 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் முப்பது வருசம் உயிரோடு இருந்தாள் என் ஆயா. கார்த்திகைக் கடை ஞாயிறு கூட்டத்தில் ரோட்டோரம் உட்கார்ந்து வேர்க்கடலை விற்றாளே ஒழிய உள்ளே போனதில்லை. "எவனும் தடுக்கல நைனா, எனக்கே கால் வர்ல" என்பாள். அழகு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு ஆயா நின்ற இடம்தான் முதலில் ஞாபகம் வரும். இந்தக் கட்டுரையை அங்கிருந்து தொடங்குவதற்கு அதுதான் காரணம். நான் சொல்ல வந்தது ஒரு பையைப் பற்றி.

1984இல் நான் ஏழாவது படித்தேன். என் அக்கா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிகொண்டா, மாதனூர் தாண்டி பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவாள். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்துத் தோல்ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதம் செய்த தோல் அப்படியே கப்பலேறிச் சீமைக்குப் போகும். செருப்பாகவும் பையாகவும் ஆவதெல்லாம் அங்கேதான். 1970களில் அரசாங்கம் கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைகுறைத் தோலுக்கும் கட்டுப்பாடு போட்டது. உள்ளூரிலேயே பொருளாகச் செய்து அனுப்பு என்றார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கும் ஷூ கம்பெனிகள் வந்தன. சேரிகளிலிருந்து ஆண்கள் ஏற்கெனவே சுண்ணாம்புக் குழியில் நின்றுகொண்டிருந்தார்கள். இப்போது பெண்கள் தையல் மெஷினில் உட்கார்ந்தார்கள்.

தோல் தைப்பதைத் துணி தைப்பது போல நினைக்கக் கூடாது. துணியில் தையல் தப்பினால் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டலாம், நூல் வாயை மூடிக்கொள்ளும். தோலில் ஊசி இறங்கினால் அந்த ஓட்டை ஆறாது. இரண்டு நூல் அகலம் விலகினாலும் அந்தத் துண்டு போனதுதான். விளிம்பைச் சீவி மெலிசாக்காமல் மடித்தால் தடித்துக்கொண்டு காலைக் கடிக்கும். முதுகுப் பக்கத் தோல் உறுதி, வயிற்றுப் பக்கத் தோல் இழுத்தால் தளரும். எந்தத் துண்டு எந்தப் பக்கம் இழுபடும் என்று விரல் நுனிக்குத் தெரிய வேண்டும். வளைவில் திரும்பும்போது அக்கா மெஷினை நிறுத்த மாட்டாளாம், மூச்சைத்தான் நிறுத்துவாளாம். "அங்க மூச்சு விட்டா கோடு கோணலாப் பூடும்." பத்தொன்பது வயசில் இதைச் சொன்னாள். சொலுஷன் வாசனையில் அவளுக்குச் சோறு இறங்காமல் போனதும் அந்த வயசில்தான்.

இந்தத் திறமைக்கு என்ன பேர்? கம்பெனிக் கணக்கில் பீஸ் ரேட் என்று பேர்.

அப்பர் வெட்டியது போக மிச்சம் விழும் துண்டுகள் உண்டு. உள்ளங்கை அகலம், நாலு விரல் அகலம், முக்கோணம், வால். ஆடு மேயும்போது முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட வடு, இதெல்லாம் இருக்கிற பாகத்தை ஒதுக்கிவிட்டுத்தான் வெட்டுவார்கள். சீமைக்காரன் காலுக்குத் தழும்பு ஆகாது. அந்த வேஸ்ட்டைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் கொட்டிக் கொளுத்துவார்கள். அந்தப் புகையை நாங்கள் சுவாசிப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் அக்கா ஒரு கைப்பிடித் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்ததை கேட்டில் சோதனை போட்டுப் பிடித்தார்கள். திருட்டு. மூன்று நாள் கூலி பிடித்தம். கொளுத்தப் போகிற பொருளை எடுத்தால் திருட்டா என்று அக்கா கேட்டாளாம். "கொளுத்தறது கம்பெனி இஷ்டம்" என்று பதில்.

அதற்கப்புறமும் எடுத்தாள். எப்படி என்று இன்றைக்கும் சொல்ல மாட்டாள், சிரிப்பாள். ஆறேழு மாதம் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணையில் உட்கார்ந்து கையூசியால் எனக்கு ஒரு புஸ்தகப் பை தைத்தாள்.

அந்தப் பையின் வடிவம் எங்கே கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்க அம்மா பழம்புடவைகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டு, கிழிந்த இடத்தில் சட்டைத் துணி, பாவாடைத் துணி, லுங்கித் துண்டு என்று ஒட்டுப்போட்டுத் தைத்துப் படுக்கைக்குப் போர்வை செய்வாள். எல்லாச் சேரியிலும் உள்ளதுதான். குளிருக்குச் செய்தது. ஆனால் குளிருக்கு மட்டும்தான் என்றால் மஞ்சள் துண்டுக்குப் பக்கத்தில் கருநீலத்தை ஏன் வைக்க வேண்டும்? நாலு மூலையிலும் ஒரே சிவப்பு ஏன் வர வேண்டும்? செத்துப்போன எங்க நைனாவின் காக்கிச் சட்டை ஜோபியை, ஜோபியாகவே, நடுவில் வைத்துத் தைத்திருந்தாள். அதில் பீடிக்கட்டு வைக்கிற மாதிரி நான் கையை விட்டுக்கொண்டு தூங்குவேன். ஒரு போர்வை மாதிரி இன்னொன்று இருந்ததில்லை. அக்கா அதைத்தான் தோலில் செய்தாள். ஒரே ஒரு வித்தியாசம். கம்பெனி ஒதுக்கிய தழும்புத் துண்டுகளைப் பையின் முகப்பில், நட்டநடுவில் வைத்தாள். முள் கீறிய கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலை உதிர்ந்த கிளை மாதிரி மேலே ஏறும். வாரத்தில் ஆறு நாள் பேனாக் கோட்டை விட்டு மயிரிழை விலகக் கூடாத கை அது.

அந்தப் பையை நான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். வாசனை வருகிறது என்றான் ஒருவன். மாட்டுத்தோலா என்றான் இன்னொருவன். வாத்தியார் பையைத் தாழ்வாரத்தில் வைக்கச் சொன்னார். அவர் காலில் போட்டிருந்த செருப்பு வகுப்பறைக்குள்ளேதான் இருந்தது. அதெல்லாம் நமக்குப் புதுசா? நம்மில் பலர் எழுதிவிட்டோம். எனக்கு இன்றுவரை அறுப்பது வேறு. இடைவேளையில் ஒரு பையன் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்லாக்கீதே, யாரு தைச்சது என்று ஆசையாகக் கேட்டான். "பெங்களூர்ல வாங்குனது" என்றேன். அடுத்த வாரம் சணல் பைக்கு மாறிவிட்டேன். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. பையைப் பரணில் போட்டாள். கம்பெனி அவளிடமிருந்து மூன்று நாள் கூலியை எடுத்தது. நான் எடுத்ததற்கு எந்தக் கேட்டிலும் சோதனை இல்லை.

படைப்பு என்பது சுதந்திரத்திலிருந்து வருவது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். கட்டாயத்தில் செய்தால் உழைப்பு, விருப்பத்தில் செய்தால் கலை. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. காந்தியாரை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் கல்லன்பாக்கிடம் செருப்புத் தைக்கக் கற்றார். சிறையில் ஒரு ஜோடி தைத்து, 1914இல் ஊர் திரும்பும்போது ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்தார். 1939இல் ஸ்மட்ஸ் அதை மரியாதையோடு திருப்பி அனுப்பினார். உலகத்துக்கே தெரிந்த செருப்பு. அவர் விரும்பித் தைத்தார். நாளைக்கு விட்டுவிடவும் அவரால் முடியும், விட்டால் அடுப்பு அணையாது. தோலைத் தொட்டதால் அவர் மகாத்மா ஆனார், அதே தோலைத் தொட்டதால் நாம் என்ன ஆனோம்? ஆகவே கலைக்கும் உழைப்புக்கும் நடுவே இருக்கிற கோடு ஊசியிலும் இல்லை, தோலிலும் இல்லை, செய்கிற மனசிலும்கூட இல்லை. விட்டுவிட முடிகிறதா என்பதில் இருக்கிறது. எங்க அம்மாவால் போர்வையை விட முடியாது, குளிர் விடாது. அப்படியானால் அந்தக் காக்கி ஜோபி கலை இல்லையா? இந்த இடத்தில் நான் அந்தச் சித்தாந்தத்தைக் கைவிடுகிறேன். ஜோபியைப் பிரித்துவிட்டு வெறும் துணியாக வைத்திருந்தாலும் அதே குளிர்தான் அடங்கியிருக்கும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓடும். அடிமைகளாக இருந்தவர்களின் பேத்திகள், பருத்திக் காட்டில் தேய்ந்துபோன கால்சட்டையையும் மாவு மூட்டைத் துணியையும் சேர்த்து நம்ம அம்மாக்கள் மாதிரியே போர்வை தைத்தார்கள். 1962இல், கறுப்பர்கள் ஓட்டுப் பதியப் போகிறார்கள் என்றதும் ஆற்றைக் கடக்கும் படகை வெள்ளையர்கள் நிறுத்திவிட்டார்கள். 1966இல் அந்தப் பெண்கள் போர்வைக் கூட்டுறவு ஒன்று தொடங்கினார்கள். 2002இல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. நவீன ஓவியம் என்று எழுதினார்கள். 2006இல் அவற்றின் படத்தைத் தபால்தலையாக அச்சடித்தார்கள். நிறுத்திய படகு திரும்ப ஓடியதும் அதே 2006இல்தான், நாற்பத்து நாலு வருசம் கழித்து. 2007இல் தைத்தவர்களில் சிலர், எங்களுக்குச் சேர வேண்டியது வரவில்லை என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கலை என்று ஒப்புக்கொண்ட பிறகும் கணக்குத் தீரவில்லை, பாருங்கள்.

நமக்குள்ளே ஒரு பழைய சண்டை உண்டு. பறையடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே போட்டார்கள் ஒரு தலைமுறையினர், அடி வாங்கிக்கொண்டே போட்டார்கள். பறை எங்கள் கலை என்று மேடையேற்றினார்கள் அடுத்து வந்தவர்கள். இரண்டு பேரும் சரி என்றுதான் நான் நினைக்கிறேன், ஒரே ஒரு எச்சரிக்கையோடு. நம் கையில் இருக்கிற வித்தையை 'பரம்பரை' என்று யாராவது பாராட்டினால் பயப்பட வேண்டும். 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளிக்கூடம், அரைநாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்தார். குலக்கல்வி என்று மக்கள் பேர் வைத்து அடுத்த வருசமே விரட்டினார்கள். 2023இல் மத்திய அரசு பதினெட்டுத் தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தபோது குடும்பத் தொழில் என்ற வார்த்தை மறுபடி தலைகாட்டியது. தமிழ்நாடு அப்படியே ஏற்க மாட்டோம் என்றது. 2025இல் பிராடா என்கிற இத்தாலிக் கம்பெனி மிலானில் கோலாப்பூர் செருப்பைத் தன்னுடையது போலக் காட்டியதும் பாரதப் பாரம்பரியம் திருடு போச்சு என்று நாடே கத்தியது. 2019லேயே புவிசார் குறியீடு பெற்ற செருப்புதான், கத்தியது நியாயம்தான். ஆனால் அந்தப் பாரம்பரியத்தைத் தைக்கிற சாதியார் பேர் எத்தனை வாயில் வந்தது? ஆம்பூர் வட்டாரத்தில் வீட்டில் வைத்து ஷூ தைக்கிற பெண்களைப் பற்றி 2016இல் ஒரு அறிக்கை வந்தது. ஒரு ஜோடிக்கு 10 ரூபாய்க்கும் குறைவு. அதற்கு யாரும் கத்தவில்லை.

என் மகள் இப்போது டிசைன் படிக்கிறாள். போன வருசம் பரணைச் சுத்தம் செய்யும்போது பையை எடுத்தாள். தோல் விறைத்துப்போய், வார் அறுந்து, ஆனால் ஒரு தையல் விடவில்லை. தேங்காயெண்ணெய் தடவி இரண்டு நாள் வைத்துவிட்டு, காலேஜ் கண்காட்சியில் வைக்கப் போகிறேன் என்றாள். ஒரு படிவம் கொண்டுவந்தாள். பொருள், ஆண்டு, செய்தவர் பெயர், மரபு. மரபு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. "என்னப்பா எழுதறது? குலத்தொழில்னு எழுதவா?"

நான் யோசித்தேன். எங்க தாத்தா கூலிக்கு ஏர் ஓட்டினார், செத்த மாட்டைத் தூக்கினார், ஒரு செருப்பும் தைத்ததில்லை. எங்கள் வீட்டில் தோல் தைத்த முதல் ஆள் அக்கா. பாதியை அம்மாவின் கந்தலிலிருந்து கற்றாள், பாதியைக் கம்பெனி மெஷினில். இதில் எந்தக் குலம் இருக்கிறது? அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னேன்.

பேர் கேட்க இரண்டு பேருமாக அக்கா வீட்டுக்குப் போனோம். முப்பது வருசத்துக்கு மேல் மெஷினில் குனிந்த கழுத்து இப்போது நிமிரவில்லை. பையை வாங்கி மடியில் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கிளையைப் பார்க்காமல் அடிப்பக்கத்தைத் திருப்பினாள். "இத்தயா வெக்கப் போற? இங்க பாரு, கோணலாக்கீது. அன்னிக்கி விளக்குல எண்ணெ தீந்துபூட்ச்சி." விரலால் அந்த வரிசையைத் தடவினாள். ஏழெட்டுத் தையல் மற்றதைவிட நீளம். எனக்கு நாற்பது வருசமாகத் தெரியாது.

நான் அப்போதுதான் பெங்களூர் விசயத்தைச் சொன்னேன். அவள் தலையைத் தூக்கவில்லை. "தெரியும். உங்கூடப் படிச்சவன் வந்து கேட்டான், இந்த மாதிரி பெங்களூர்ல எங்க கெடைக்கும்னு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மகள்தான் பேச்சை மாற்றினாள். கண்காட்சி மூன்று நாள், அத்தை வந்து உட்கார்ந்து தைத்துக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று காலேஜில் சொல்கிறார்கள் என்றாள். அக்கா பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"மூணு நாளா? நாள் கூலி இன்னா குடுப்பாங்க, கேட்டியா?"

மகள் என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் என்று வாசலுக்குப் போனாள்.